எழுநூற்றிருபது கீறல்கள்

ஜூலை 7, திங்கள்

ஆர்டர் கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு பழைய கோட்டை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வரவேற்க, அங்கே வேலை செய்யும் அத்தனை பேரும் நானூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உடையில் நிற்க வேண்டுமாம். தேநீர் விற்பவரும் வண்டி நிறுத்துமிடத்தில் விசில் ஊதுபவரும்கூட. தொண்ணூறு பேர், தொண்ணூறு செட்.

திருப்பூரில் மூன்று கம்பெனிகள் வேண்டாம் என்று தள்ளி எங்களிடம் வந்த வேலை. முதலாளி குழந்தைவேலு சார் படங்களைப் புரட்டிவிட்டு, "நாம பனியன் போடறவங்கம்மா. இது நாடகக் கம்பெனி வேலையாட்ட இருக்குது" என்று ஃபைலை என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினேன். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு மூன்று வருடமாக உள்ளாடைகளைப் பற்றி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருப்பவள் நான். அந்தக் காலத்து ஆங்கிலேயர் எதை உடுத்தினார்கள், ஏன் உடுத்தினார்கள் என்று எனக்குத் தெரியும் என்றேன். அரை மணி நேரம் பேசினேன். நான் இவ்வளவு பேசுவேன் என்பது அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் புதிது.

"செரி, எடு. ஆகஸ்ட் பன்னெண்டு இன்ஸ்பெக்ஷன். பாஸ் ஆச்சுன்னா இனி இந்த மாதிரி ஆர்டரையெல்லாம் நீயே பாரு வேணி. ஆகலைன்னா பழையபடி ஜட்டி."

இந்த மூன்று வருடத்தில் நானாகக் கேட்டு வாங்கியது இது ஒன்றுதான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால் நாட்குறிப்பு எதற்கு.

ஜூலை 9, புதன்

சுவரில் ஒட்டக் குறிப்புத் தாள் எழுதி முடித்தேன். ஆர்டர் கொடுத்த பையர் அனுப்பியதில் வெறும் அளவும் அம்புக்குறியும்தான். அதை அப்படியே தமிழில் போட்டால் தைக்கிறவர்களுக்கு என்ன தெரியும்? ஒரு காலத்தையே தைக்கப்போகிறோம் என்ற உணர்வு வேண்டாமா? ஆகவே ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன். பட்டும் வெல்வெட்டும் யார் உடுத்தலாம், யார் உடுத்தக் கூடாது என்று அரசு போட்ட சட்டங்கள். கழுத்தைச் சுற்றித் தட்டுப்போல நிற்கும் ரஃப் என்ற மடிப்புப் பட்டை. சட்டையின் உடல் வேறு, கை வேறு. தோளில் நாடா போட்டுக் கட்டிக்கொள்வது. கையின் மேல்துணியில் வேண்டுமென்றே கீறிவிட்டு உள்துணியின் நிறத்தை வெளியே காட்டும் வழக்கம். போரில் கிழிந்த உடையோடு வந்த சிப்பாய்களைப் பார்த்துத்தான் அது பரவியது என்று சொல்லப்படும் கதை. மொத்தம் ஒன்பது பக்கம்.

திரும்பப் படித்தேன். நன்றாகவே வந்திருக்கிறது. ஏழாம் பக்கத்தில் சிப்பாய்களைப் பற்றிய பத்தி எனக்கே பிடித்தது.

ஜூலை 11, வெள்ளி

ஒன்பது தாளையும் செக்கிங் மேஜைக்கு எதிரே மூன்று வரிசையாக ஒட்டினேன்.

செக்கிங்கில் எட்டுப் பெண்கள். துணியில் ஓட்டை, கறை, தப்பிய தையல் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்து, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து அனுப்புவது அவர்கள் வேலை. தலைமை தெய்வானையக்கா. இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை. அதே துணியிலிருந்து இழை பிரித்து அவர் ஓட்டையை நெய்து மூடினால், எங்கே ஓட்டை இருந்தது என்று துணிக்கே மறந்துபோகும்.

மைனாவதி முதல் தாளின் முன்னால் நின்று, "அம்மிணி, இது பரீட்சைக்குங்களா?" என்றாள். சரி, நானே வாசித்துக் காட்டுகிறேன் என்று சட்டங்களைச் சொன்னேன்.

"அப்ப எங்களையாட்ட சனம் என்னத்தைங் போடோணும்?"

"ஞாயித்துக்கிழமையும் விசேச நாள்லயும் கம்பளித் தொப்பி. போடலைன்னா அபராதம்."

"ஏனுங், அங்க அத்தனை குளுரா?"

"குளுருக்கு இல்ல. தொப்பி பண்றவங்க தொழில் படுத்துப்போச்சு. அதைத் தூக்கி நிறுத்தறதுக்கு."

தெய்வானையக்கா கையிலிருந்த பீஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்கயும் முதலாளிங்க சங்கம் இருந்திருக்குதாட்ட" என்றார்.

கை தனி, உடல் தனி என்றதும் மைனாவதிக்குக் கவலை வந்துவிட்டது. "அவசரத்துல கையை ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வேலைக்கு வந்துட்டா என்னங் பண்ணுவாங்க?"

இரண்டாம் தாளுக்கு யாரும் நகரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் படிப்பார்கள்.

ஜூலை 14, திங்கள்

ஆண்களின் கால்சட்டையில் முன்பக்கம் பஞ்சு திணித்த பை ஒன்று வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. ஒன்பது பக்கக் குறிப்பில் நான் சொல்லாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

கட்டிங் மாஸ்டர் நாச்சிமுத்து தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டிடத்திலிருந்து அதன் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு நேரே செக்கிங் மேஜைக்கே வந்துவிட்டார். அவருக்கும் தெய்வானையக்காவுக்கும் பல வருடப் பகை. எந்த ஓட்டையைப் பார்த்தாலும் இவர் கட்டிங்கில் கத்தி வழுக்கியது என்பார், அவர் செக்கிங்கில் கத்தரி பட்டது என்பார்.

"அம்மிணி, இந்தப் பை என்னத்துக்குங்?"

"அலங்காரம், மாஸ்டர்."

"பாக்கெட்டுங்களா?"

"பாக்கெட்டாவும் வெச்சுக்குவாங்களாம்."

"செல்போன் வெக்கலாமுங்" என்றாள் மைனாவதி.

"அந்தக் காலத்துல ஏது செல்போனு?"

"அப்ப வெத்தலை பாக்கு."

மாஸ்டர் பையைக் கால்சட்டையின் மேல் வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார். அது எங்கே உட்கார வேண்டும் என்று தெரிந்த கணத்தில் மேஜையே அமைதியானது. அவர் காது சிவந்துபோயிற்று. "அளவு எழுதி அனுப்பி உடுங்" என்று சொல்லிவிட்டு, பையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார்.

தெய்வானையக்கா அதை எடுத்து இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பஞ்சைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங். இவ்வளவு வெச்சா ஆரும் நம்ப மாட்டாங்."

மற்ற ஏழு பேரும் மேஜையில் கவிழ்ந்துவிட்டார்கள். நான் கணினிக்குப் போய்விட்டேன். உண்மையில் முதலாம் எலிசபெத்தின் ஆட்சி முடிவதற்குள்ளேயே இந்தப் பை வழக்கொழிந்துவிட்டது. பையருக்கு எழுதினேன். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் தேடுவார்கள், இருக்கட்டும் என்று பதில் வந்தது.

ஜூலை 16, புதன்

ரஃப் நிற்கவில்லை. வாடிய வாழையிலைபோலத் தொங்குகிறது.

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து மொட்டை மாடியில். அரிசிக் கஞ்சி போட்டால் வெடிக்கிறது. மைதா போட்டால் எறும்பு வருகிறது. அயர்ன் மாஸ்டர் வழக்கம்போலச் சொட்டு நீலம் விட்டுவிட்டார். நீலக் கஞ்சி போட்ட ரஃப் எலிசபெத் அரசிக்குப் பிடிக்காது என்று எங்கோ படித்த நினைவு. அவரிடம் சொன்னேன். "அந்தம்மாவா வந்து பாக்கப்போவுது" என்றார்.

சட்டைக் கைத்துணி நூற்றெண்பதும் கட்டிங்கிலிருந்து வந்து இறங்கிவிட்டதாகக் கீழிருந்து சொல்லி அனுப்பினார்கள். நல்லது.

ஜூலை 18, வெள்ளி

ஜவ்வரிசிக் கஞ்சி. சூடேற்றிய சைக்கிள் கம்பியால் ஒவ்வொரு மடிப்பாகச் சுருட்டினோம். ஒரு ரஃப் நின்றுவிட்டது. நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது. நடுவில் தெய்வானையக்கா ஒரு கைத்துணியோடு மாடிக்கு வந்து ஏதோ கேட்டார். ஆடிக் காற்றில் ரஃப் பறக்கப் பார்த்தது. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 23, புதன்

தொண்ணூறும் நிற்கின்றன. மாடி முழுவதும் கொடிக் கம்பியில் வெள்ளை வெள்ளையாக, தலையில்லாத சபை. யாரும் இல்லாத நேரத்தில் ஒன்றை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு கழிவறைக் கண்ணாடியில் பார்த்தேன். முகத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. குனிய முடியாது, பக்கத்தில் திரும்ப முடியாது, என் கையே எனக்குத் தெரியவில்லை. இதைக் கட்டிக்கொண்டு எப்படிச் சாப்பிட்டார்கள் என்று யோசித்தேன். நீளமான கரண்டி வைத்திருந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அதையும் குறிப்பில் சேர்த்திருக்கலாம்.

ஜூலை 26, சனி

படம் எடுத்து அனுப்பச் சொல்லி பையர் கேட்டிருந்தார். முடிந்த மேற்சட்டை ஒன்றை டம்மிக்கு மாட்டி, தோளில் இரண்டு கையையும் நாடாவால் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன். என்னவோ குறைந்தது. பழுப்புக் கை, வெறும் பழுப்பாக இருந்தது. உள்ளே சிவப்புத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள், அந்தச் சிவப்பு எங்கே?

கீறல் இல்லை. வேறு கை எடுத்தேன். அதிலும் இல்லை. இருபது கை எடுத்துப் பார்த்தேன்.

தெய்வானையக்கா பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் பார்த்ததே இல்லை. "எட்டுப் பேரு, அஞ்சு நாளுங் அம்மிணி. கைக்கு நாலு, மொத்தம் எழுநூத்தி இருவது ஓட்டை. ஒன்னாச்சும் தெரியுதான்னு பாருங்."

சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"அக்கா, அது ஓட்டையில்ல."

"பின்ன?"

"டிசைன்."

அவர் கைத்துணியை என்னிடமிருந்து வாங்கி வெகுநேரம் பார்த்தார். "கட்டிங்ல அப்படியே அடுக்கோட கத்தி எறங்கிருச்சுன்னு நெனச்சோமுங்" என்றார். "எல்லாக் கையிலயும் ஒரே எடத்துல இருந்துச்சு."

ஜூலை 28, திங்கள்

சார் எல்லாரையும் செக்கிங் மேஜையைச் சுற்றி நிற்கவைத்தார்.

"ஆரு தெக்கச் சொன்னது?"

"நானுதானுங்" என்றார் தெய்வானையக்கா. "கத்தி வழுக்கிருச்சுன்னு நெனச்சேனுங்."

நாச்சிமுத்து மாஸ்டர் குறுக்கே வந்தார். "நாலு தடவை, ஒரே அளவுல, வரிசையா வழுக்குமா?"

"நீங்க வழுக்குனா வரிசையாத்தான் மாஸ்டர் வழுக்குவீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கே தெரியாமல் ஒரு நல்ல வேடிக்கை வீணாய்ப் போயிற்று.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலையா வேணி?"

"எழுதி ஒட்டியிருக்கேன் சார். ஏழாவது பக்கம்."

சார் சுவரைப் பார்த்தார். ஒன்பது தாளையும் பார்த்தார். சாயம் போட்ட துணி வேறு மிச்சமில்லை, புதிதாகப் போட்டால் அதே பழுப்பு வராது, இன்ஸ்பெக்ஷனுக்குப் பதினைந்து நாள். தெய்வானையக்காவை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். மேஜைக்கு மைனாவதி தலைமை. மைனாவதி அழுதாள். தெய்வானையக்கா அவளிடம் கத்தரியையும் ஊசிப்பெட்டியையும் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வருகிற பக்கம் உட்காரச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னது உண்மைதான். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 30, புதன்

தாள்களைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். சுருக்கி எழுதி மறுபடி ஒட்டலாம் என்றுதான். ஏழாம் பக்கத்தைப் படித்தேன். சிப்பாய்களைப் பற்றிப் பதினோரு வரி. அந்தக் காலத்தில் கையில் கீறல் இருந்தது என்று இருக்கிறது. இந்த ஆர்டரில் ஒவ்வொரு கையிலும் நான்கு கீறல் இருக்கும், அதைத் தொடக் கூடாது என்று எங்கும் இல்லை.

மதியம் மாஸ்டர் கீறலுக்கு அளவு குறித்த பழைய அட்டையை வைத்து ஒரு கையில் மறுபடி கீறிப் பார்த்தார். தைத்து முடித்த கையில் அட்டை ஒழுங்காக உட்காரவில்லை. அரை அங்குலம் தள்ளிக் கத்தி இறங்கியது. நெய்து மூடிய இழைகள் பக்கத்திலிருந்து உருவிக்கொண்டு வந்து உள்ளங்கை அகலத்துக்கு வாய் பிளந்துவிட்டது. பழைய கீறலின் மேலேயே, நூல் பிசகாமல் கீறினால்தான் உண்டு. பழைய கீறல் எங்கே என்று கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

மைனாவதி மெல்ல, "அக்காவுக்குத் தெரியுமுங்" என்றாள். சார் கேட்காதவர்போல இருந்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேறு ஆர்டர் ஒன்றின் பெட்டிக் கணக்கைச் சரிபார்க்க பேக்கிங் பகுதிக்குப் போனேன். தெய்வானையக்கா பாலித்தீன் பைகளை ஒவ்வொன்றாகக் குழல்விளக்கில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். காற்றுப் போக எல்லாப் பையிலும் இரண்டு ஓட்டை போட்டே வரும்.

"அம்மிணி, இதை என்ன பண்ணட்டுங்? அடைச்சுப்போடட்டுங்களா?"

கேலிதான். முகம் வழக்கம்போல அசையவில்லை. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

இந்த நோட்டில் பின்னால் புரட்டி ஜூலை பதினெட்டைப் பார்த்தேன். "ஏதோ கேட்டார்" என்று எழுதியிருக்கிறேன். ஏதோ அல்ல. அவர் கேட்டது இது: "அம்மிணி, கையில நாலு நாலு கிழிசலா இருக்குது. தெக்கட்டுங்களா, அப்படியே உடட்டுங்களா?" எல்லா வார்த்தையும் காதில் விழுந்தது. விழுந்தது என்பதை இன்றுதான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

சார் தேநீர் குடித்து முடிக்கும்வரை கதவருகே நின்றேன். பிறகு சொன்னேன்.

"சார், தெய்வானையக்கா மாடிக்கு வந்து என்னைக் கேட்டாங்க. தைக்கட்டுமா விடட்டுமான்னு. நான் பாத்துக்கோங்கன்னு சொன்னேன். துணியைத் திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார். "நீ பாத்துக்கன்னு சொன்னே. அந்தம்மா பாத்துக்கிச்சு."

"ஆமா சார்."

"ஒரு வாரமா இதை வாயில வெச்சுட்டா சுத்தீட்டு இருந்தே?"

"எழுதி வெச்சிருந்தேன் சார்."

"நீ எழுதறதை ஆரும்மா படிக்கறா?"

அவர் கோபமாகக்கூட இல்லை, சோர்ந்துபோயிருந்தார். "திங்கக்கிழமை நீயே போய் அந்தம்மாவை மேசைக்குக் கூப்புடு. எல்லாரும் இருக்கறப்பக் கூப்புடு. இந்த ஆர்டர் பாஸ் ஆனாலும் ஆகலைன்னாலும், பதினாலாந் தேதியிலிருந்து நீ ஜட்டி பாரு."

சரி என்றேன். அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும்தான் எதை இழந்தேன் என்று தெரிந்தது. ஆனாலும் பசித்தது. இரண்டு நாளாகப் பசிக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கம்பெனி விடுமுறை. நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பேக்கிங்கில் இருபது பேர் இருந்தார்கள். மைனாவதியும் மற்ற ஆறு பேரும் செக்கிங்கிலிருந்து வந்து வாசலில் நின்றார்கள்.

"அக்கா, நீங்க என்னைக் கேட்டுட்டுத்தான் தெச்சீங்க. தப்பு என்னுது. சார்கிட்டச் சொல்லிட்டேன். மேஜைக்கு வாங்க."

"கேட்டது எனக்குத் தெரியாதுங்களா" என்றார். பையை மடித்துக்கொண்டே.

மைனாவதி வாசலிலிருந்து, "நாங்க அன்னிக்கே கேட்டமுங், அம்மிணியக் கேட்டியாக்கான்னு. வாயவே தொறக்கல" என்றாள்.

"ஏன்க்கா சார்கிட்டச் சொல்லல?"

அவர் மடித்த பையை அடுக்கில் வைத்து, அதன் மேல் கையையும் வைத்தார்.

"இருவத்திரண்டு வருசமா ஒவ்வொன்னுக்கும் கேட்டுட்டுத்தானுங் செய்யறேன். இதைத் தெக்கட்டுங்களா, அதைப் பிரிக்கட்டுங்களா. அன்னிக்கு நீங்க, நீங்களே பாத்துக்கோங்கக்கான்னு சொன்னீங்க. எங்கிட்ட அப்படி ஆரும் சொன்னதில்லீங். மாடிப்படி எறங்கி வாரப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுங்களா. அதைப் போயி மொதலாளிகிட்டச் சொல்லித் தப்பாக்கிப் போடறதுக்கு மனசு வரலீங்."

நான் அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இதை அங்கே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போதும் தெரியவில்லை.

"எம்பேர்லயும் தப்பு இருக்குதுங்" என்று அவரே தொடர்ந்தார். "எம்பையன் முட்டியில கிழிசலோட ஒரு ஜீன்ஸ் எடுத்துட்டு வந்தான். தெச்சு வெச்சேன். ஒரு வாரம் எங்கிட்டப் பேசல. அப்பவே எனக்கு விளங்கிருக்கோணும்."

எழுந்தார். பிறகு ஏதோ நினைத்து நின்றார். "ஆனா, நல்லா இருக்கற துணியை என்ற கையால வெட்ட மாட்டனுங். எடத்தை வேணாக் காட்டறேன். வெட்டறதுக்கு அந்த மாஸ்டரைக் கூப்புடுங். அவருக்குத்தான் வழுக்கற பழக்கம்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரே மேஜையில் தெய்வானையக்காவும் நாச்சிமுத்து மாஸ்டரும். தெருவைத் தாண்டி வரும்போதே மாஸ்டர் தன் பிளேடைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் கைத்துணியின் மேல் தடவுவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். உள்துணி படாமல் மேல்துணியைக் கிள்ளித் தூக்கிப் பிடிப்பார். மாஸ்டர் கீறுவார். நான் குரோஷா ஊசியால் உள்ளே இருக்கும் சிவப்பை வெளியே இழுத்து விடுவேன். மைனாவதி ஓரத்துக்குப் பசை தொட்டு வைப்பாள்.

"வெரலை எடுங்க தெய்வானை."

"எடுத்தா எடம் தப்பிப்போயிரும். வெட்டுங்."

"பட்டுச்சுன்னா?"

"பட்டா தெச்சுக்கறேன்."

முதல் கீறல் சரியாகத் திறந்தது. பழைய கீறலின் மேலேயே, ஒரு இழைகூட உருவவில்லை. சிவப்பை இழுத்துவிட்டேன். பழுப்புக் கையில் ஒரு சின்ன வாய் திறந்து பேசத் தயாரானதுபோல இருந்தது. மாஸ்டர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.

இன்று இருபத்தெட்டுக் கை.

ஆகஸ்ட் 7, வியாழன்

அறுபது கை மிச்சம். சண்டை ஓயவில்லை, ஆனால் அதன் ருசி மாறிவிட்டது. மாஸ்டர் பிளேடைத் தீட்டப் போனால் அக்கா தடவிக் கண்டுபிடித்த இடத்தில் விரலை வைத்தபடியே காத்திருக்கிறார், சாப்பிடக்கூடப் போவதில்லை. அவர் திரும்பி வந்து, "இன்னுமா புடிச்சுட்டு இருக்கே" என்கிறார். "நீங்க எப்ப வருவீங்கன்னு கனவா கண்டேன், உட்டுட்டு மறுக்கத் தேடறதுக்கு?" என்கிறார் இவர்.

மத்தியானம் பையரோடு பேச வேண்டியிருந்ததால் ஒரு மணி நேரம் நான் மேஜையில் இல்லை. சிவப்பை இழுக்கும் வேலையை மைனாவதி பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

முடிந்தது. மாஸ்டர் பாழாக்கிய அந்த ஒரு கைக்கு வெட்டுத் துண்டுகளை ஒட்டி வேறு கை தைத்தாயிற்று. என் விரல் நுனியெல்லாம் சிவப்பு இழை. கடைசிக் கை மேஜையை விட்டுப் போனதும் மைனாவதி, "இனி கிழியாத துணியப் பாத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும்ங்" என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பெங்களூரிலிருந்து பையர் தரப்பில் ஒருவர் வந்தார். சின்ன விளக்கு, பூதக்கண்ணாடி, அளவு நாடா. உதட்டைத் திறக்காமல் நாள் முழுக்கப் பார்த்தார். ரஃபை விரலால் சுண்டிப் பார்த்தார், சரக் என்றது. கீறல்களின் ஓரத்தை ஒவ்வொன்றாக விளக்கில் பார்த்தார். பஞ்சுப் பையைக் கையில் எடுத்து, எங்களைப் பார்த்து, உடனே கீழே வைத்துவிட்டார்.

மாலையில் தாளை நீட்டினார். ஒரு சட்டையில் ஒரு நூல் தொங்கியது. மற்றபடி குறை எதுவும் இல்லை.

சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஜட்டி பற்றி அவர் சொன்னது மாறவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று பெட்டி மூடும் நாள். ஒவ்வொன்றாக எண்ணி, நான் கையெழுத்துப் போட, டேப் ஒட்டினார்கள். பதினோராவது பெட்டிக்கு வந்தபோது தெய்வானையக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மிணி, ஒன்னு சொல்லோணும். இந்தப் பெட்டியில ஒரு இடது கை இருக்குது. அதுல மூணுதானுங் வெட்டுனோம். நாலாவது மூடியே இருக்குது."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "தப்பிப்போச்சா?"

"தப்பலீங். நீங்க போன் பேசப் போயிருந்தீங். நானு எடத்தைப் புடிச்சுக் குடுத்தேன். மாஸ்டரு பிளேடை வெச்சாரு. வெச்சுட்டு எடுத்துட்டாரு. இதை உட்ரு தெய்வானைன்னாரு. உன்ற கைவேலை இப்படி வந்து நான் பாத்ததில்லைன்னாரு."

"மாஸ்டரா?"

"அவருதானுங்."

"அக்கா, நேத்து அந்த ஆள் இந்தப் பெட்டியைத்தானே பிரிச்சுப் பாத்தாரு?"

"அந்தக் கையையேதானுங் எடுத்தாரு. வெளக்கைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

"பாத்துட்டு?"

"ஓட்டை இருக்குதான்னுதான் அம்மிணி பாப்பாங்க. இல்லாத ஓட்டையை ஆரு தேடறா?"

டேப் இன்னும் ஒட்டவில்லை. பெட்டிக்குள் கையை விட்டுத் தேடி அதை எடுத்தேன். மூன்று கீறலில் சிவப்பு எட்டிப் பார்த்தது. நான்காவது இருக்க வேண்டிய இடம் தெரிந்தது. அந்த இடத்தைச் சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன், அக்காவைப் போலக் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வெறும் துணி. அவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மடித்து, இருந்த இடத்திலேயே வைத்து, டேப்பை நானே ஒட்டினேன்.